விதிமுறை வருகிறதாம், இப்போது சரக்கு எடுக்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக வீட்டிலிருந்தே ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் பொருட்களை விற்கிறேன். நான் சேர்த்துவிட்ட பதினொரு பேர் எனக்குக் கீழே இருக்கிறார்கள். அரசு புதிய விதிமுறைக்கு வரைவு வெளியிட்டிருக்கிறதாம். “வீட்டுத் தொழிலையே ஒழிக்கப் போகிறார்கள், இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புங்கள், விலை ஏறும் முன் சரக்கு எடுத்து வையுங்கள்” என்று அப்லைன் (எனக்கு மேலே இருப்பவர்கள்) குரூப்பில் தினமும் செய்தி வருகிறது. நான் என்ன செய்வது?

பதில்: சரக்கு எடுக்காதீர்கள் சகோதரி. மற்றதெல்லாம் பிறகு. கையில் எத்தனை ஆர்டர் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள். நீங்கள் வாங்கினால் உங்கள் மேலே இருப்பவருக்குக் கமிஷனுக்கான பாயிண்ட் ஏறும். விற்காமல் கட்டிலுக்கடியில் தங்கிப்போனால் அந்த நஷ்டம் உங்களுடையது.

அடுத்தது பயத்தைப் பற்றி. வரைவு என்பது சட்டம் அல்ல. கருத்துக் கேட்பதற்காகவே அதை வெளியிடுகிறார்கள், அது மாறவும் செய்யும். அமெரிக்காவில் நடந்ததையே பாருங்கள். 2006 ஏப்ரலில் ஃபெடரல் டிரேட் கமிஷன் (ஏமாற்று வணிகத்தைத் தடுக்கும் அந்நாட்டு அரசு அமைப்பு) ஒரு வரைவு வெளியிட்டது. யாரையாவது தொழிலில் சேர்ப்பதென்றால் முதலில் ஒரு தகவல் படிவம் தர வேண்டும், கையெழுத்தோ பணமோ வாங்க அதன்பின் ஏழு நாள் பொறுக்க வேண்டும். நிறுவனத்தின் மீதுள்ள வழக்குகள், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே சேர்ந்த பத்துப் பேரின் விவரம், எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்றது.

பெரிய முதலீடு கேட்கும் மோசடித் திட்டங்களுக்கு இது நல்ல கடிவாளம்தான். ஆனால் வீட்டு வாசலில் நடப்பதை யோசியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் தொழில் தொடங்க சிறிய ஸ்டார்ட்டர் கிட் ஒன்று கேட்டு வருகிறாள். அவளிடம் பத்துப் பேரின் விவரம் அடங்கிய தாளை நீட்டிவிட்டு, “ஒரு வாரம் கழித்து வாம்மா” என்று அனுப்ப வேண்டும். இந்த நடைமுறைச் சிக்கலைத்தான் சிறு விற்பனையாளர்கள் எழுதினார்கள். வந்த கருத்துகள் 17,000-க்கும் மேல். 2008-ல் வரைவைத் திருத்தி, பல அடுக்கு விற்பனை நிறுவனங்களை (ஒருவர் சேர்த்த ஆட்களின் விற்பனைக்கும் அவருக்குக் கமிஷன் தருபவை) அதன் வலைக்குள் இழுக்காதபடி குறுக்கினார்கள். 2011 டிசம்பரில் இறுதி விதி வெளியாகி, 2012 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. ஏமாற்று விற்பனையைத் தடுக்கும் பொதுச் சட்டம் மட்டும் எல்லோர் மீதும் அப்படியே நின்றது. அதோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை. 2025 ஜனவரியில், பல அடுக்கு விற்பனையில் ‘இவ்வளவு சம்பாதிக்கலாம்’ என்று சொல்வதை ஒழுங்குபடுத்த அதே கமிஷன் மறுபடியும் ஒரு வரைவு கொண்டுவந்தது.

இந்தியாவில் போன வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் வெளியாயின. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நிறுவனங்களுக்கு 90 நாள் அவகாசம் தரப்பட்டது. பிரமிட் திட்டத்துக்கு (பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் திட்டம்) தடை, சேருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது, எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். வீடு தேடிப் போகும் விற்பனையாளர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கடைசி இரண்டும் நிறுவனத்துக்கல்ல, விற்கிற நபருக்கே போட்ட கடமை. “இதெல்லாம் கம்பெனி தலைவலி” என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இது தெரிவதே இல்லை.

ஆகவே, உங்கள் வரைவை எடுத்துப் பாருங்கள். குரூப்பில் வரும் சுருக்கம் போதாது, அரசு வெளியிட்ட மூலத்தையே படியுங்கள். முதலில் ‘வரையறைகள்’ பகுதி. நேரடி விற்பனையாளர் என்று யாரைச் சொல்கிறார்கள், சிறு தொகைக்கு விலக்கு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த வரையறைக்குள் நீங்கள் வரவில்லை என்றால், மற்ற பக்கங்கள் உங்களைத் தொடாது.

வருகிறீர்கள் என்றால், உங்கள் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1979-ல் ஆம்வே வழக்கில் அமெரிக்க கமிஷன் அந்த நிறுவனத்தைப் பிரமிட் அல்ல என்று முடிவு செய்தபோது மூன்று நடைமுறைகளைக் கணக்கில் எடுத்தது: விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது, வாங்கியதில் மாதம் 70 சதவீதமாவது விற்றிருக்க வேண்டும் என்பது, பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும் என்பது. அன்றிலிருந்து இன்றுவரை கேள்வி ஒன்றேதான்: பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது?

இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, நடுவில் கோடு போடுங்கள். போன மூன்று மாத விற்பனையில், திட்டத்தில் சேராத வாடிக்கையாளர் வாங்கியது ஒரு பக்கம். உங்கள் பதினொரு பேர் எடுத்ததும், ஐடி ஆக்டிவாக இருக்க வேண்டுமே, கமிஷன் நின்றுவிடக் கூடாதே என்று நீங்களே எடுத்ததும் இன்னொரு பக்கம். முதல் பக்கம் கனமாக இருந்தால், எந்த விதிமுறை வந்தாலும் உங்களுக்குக் கூடப்போவது எழுத்து வேலைதான்: ரசீது, ஒப்பந்தம், திருப்பித் தரும் விவரம். இரண்டாம் பக்கம் கனமாக இருந்தால், விதிமுறை வராவிட்டாலும் உங்கள் தொழில் ஆபத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்க மாட்டேன். அப்படிப்பட்ட கணக்கில் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் அடி விழும். அவர் பெரும்பாலும் உங்கள் சொந்தக்காரராகவோ தோழியாகவோ இருப்பார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் பாருங்கள். ‘வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிக்கலாம்’ என்று நிறுவனம் அனுப்பிய படத்தை நீங்கள் பகிர்ந்திருந்தால், அதைச் சொன்னது நீங்கள்தான் என்று ஆகும். உங்கள் கையில் நின்ற தொகையைக் கணக்கோடு காட்ட முடியாத எதையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

கருத்து அனுப்புவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் குரூப்பில் வந்த கடிதம் வேண்டாம். ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் போனால் அது ஒரு கருத்தாகத்தான் படும். உங்கள் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மாதம் எத்தனை வாடிக்கையாளர், கிட் என்ன விலை, காத்திருப்பு நாள் வந்தால் எந்த இடத்தில் வேலை நிற்கும், அதற்குப் பதில் என்ன செய்தால் உங்களுக்கும் சரி, வாங்குபவருக்கும் சரி. வரைவின் எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். நல்லதென்று பட்ட பிரிவை நல்லது என்றும் எழுதுங்கள். சரக்கைத் திருப்பி எடுக்கும் பிரிவு இருந்தால், அது உங்களைக் காப்பாற்றுகிற பிரிவு, அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியே உங்கள் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: விற்காத பொருளை எத்தனை நாளுக்குள், எத்தனை சதவீதம் பிடித்துக்கொண்டு திரும்ப எடுப்பீர்கள் என்று. பதில் எழுத்தில் வரட்டும். அது வரும் வரை அட்டைப்பெட்டிகளின் சீலை உடைக்காமல், காலாவதித் தேதி தெரியும்படி அடுக்கி வையுங்கள், பில்லும் கூடவே இருக்கட்டும்.