சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடாதீர்கள்

ஊர்க் கிணற்று மோட்டார் திருடுபோனதற்கு ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தந்தார்கள், ஊர்த் தலைவராக அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சிஎஸ்ஆர் என்பது, மனு வந்ததற்கான ஒப்புகைதான் ஐயா. எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை, போடச் சொல்லிக் கேளுங்கள், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். எஃப்ஐஆர் போட மறுத்தால் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்பி படியைத் தாண்டி நேரே கோர்ட்டுக்குப் போகாதீர்கள், மனு அங்கேயே தடுக்கிவிடும்.

அப்புறம், வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் எழுதிக் கொடுத்து, உங்கள் ஊரிலேயே ஒரு சட்ட விழிப்புணர்வு முகாம் கேளுங்கள். வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழுத் தலைவிகள் எல்லாரும் உட்கார்ந்து கேட்கட்டும். இலவசச் சட்ட உதவிக்கு எண் 15100.