மணல்வாரி வந்து போனால் உடம்பு கெட்டிப்படுமா?

வணக்கம் சார்,

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வெறிநாய்க்கடிக் கிருமி மூளைக்குப் போய்விட்டால் உடம்பால் சமாளிக்க முடியாது என்று சொல்லியிருந்தீர்கள். கூடலூர் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் என் நாத்தனார் மகனுக்கு, ஆறு வயது, போன மாதம் மணல்வாரி போட்டு இறங்கியது. அதிலிருந்து சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வருகிறது. என் மாமியாரோ, "அம்மை ஒரு தடவை வந்து போயிட்டா உடம்பு கெட்டிப்படும்" என்கிறார். உண்மையா? இந்தக் கிருமியும் மூளைக்குப் போகுமா? என் மகளுக்கு எட்டு மாதம். ஊசிக்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

நான் டாக்டர் இல்லை. பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், அது முதல் வேலை. அம்மை கண்டபோது வைட்டமின் ஏ கொடுத்தார்களா என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தட்டம்மை, அதாவது மணல்வாரி, கண்ட குழந்தைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கும் மருந்து அது.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. தட்டம்மைக்கு எதிராக உடம்பு கெட்டிப்படத்தான் செய்கிறது, அதுவும் ஆயுசுக்கும். 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கே போன பீட்டர் பானும் என்ற டேனிஷ் மருத்துவர், 1781-இல் அம்மை கண்டிருந்த முதியவர்களுக்கு அது திரும்ப வரவில்லை என்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நடுவில் 65 வருடம் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை.

மறுபாதியில்தான் வம்பு. மூச்சோடு உள்ளே போகும் வைரஸ் முதலில் பிடிப்பதே நோய் எதிர்ப்புச் செல்களைத்தான். அவற்றின் மேல் சிடி150 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் பி, டி செல்களில் அந்தப் புரதம் நிறைய உண்டு. அப்புறம் உடம்பு பதிலடி கொடுக்கிறது. டி செல்கள் வந்து, வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. தோலில் நடக்கும் அந்தச் சண்டைதான் நாம் பார்க்கும் சிவந்த தடிப்பு. டி செல் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்குத் தடிப்பே வராமல் நுரையீரல் கெட்டுப்போவதும் உண்டு. அதனால் தடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உடம்பு வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தச் சண்டையில் செத்தவற்றில் பழைய நினைவுச் செல்களும் கணிசம்.

வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் கிளெமென்ஸ் ஃபோன் பிர்கே 1908-லேயே இதன் ஒரு ஓரத்தைப் பார்த்துவிட்டார். காசநோய்ச் சோதனை ஊசிக்குத் தோல் வீங்கும் குழந்தைகளுக்கு, தட்டம்மை வந்த நாட்களில் அந்த வீக்கம் வரவில்லை. கணக்கு கிடைத்தது 2019-இல். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்பும் பின்பும் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. உங்கள் நாத்தனார் மகனுக்கு நடப்பது இதுவேதான் என்று கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அம்மை இறங்கிய பிறகு மாதக்கணக்கில் குழந்தை சீக்காளியாக இருப்பது டாக்டர்களுக்குப் புதிதல்ல.

சரி, மூளைக்கு வருவோம். போகும். அங்கே உடம்புக்கு ஒரு தர்மசங்கடம். தோலில், நுரையீரலில் தொற்றிய செல்லைக் கொன்றுவிட்டால் வேறு முளைக்கும், கவாத்து வெட்டிய தேயிலைச் செடி துளிர்ப்பதுபோல. நரம்புச் செல் பெரும்பாலும் அப்படித் திரும்ப வராது. ஆகவே மூளைக்குள் உடம்பு கையை அடக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டயேன் கிரிஃபின் குழுவினர் சிண்ட்பிஸ் என்ற வேறொரு வைரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி, நரம்புச் செல்லைக் கொல்லாமலேயே வைரஸ் பெருகுவதை அடக்கியது. டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதமும் அதற்கு உதவுகிறது. ஆனால் வைரஸின் மரபுப்பொருள் துணுக்குகள் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அடங்கிக் கிடக்கிறதே தவிர, ஒழியவில்லை.

தட்டம்மை இந்த இடைவெளியில் புகுந்தால் வருவதுதான் எஸ்எஸ்பிஇ என்ற மூளை நோய். அரிது, ஆனால் கொடியது. அம்மை வந்து ஆறு முதல் பத்து வருடம் கழித்து, நன்றாகப் படித்த பிள்ளை மார்க் குறைந்து, மறதி வந்து, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தட்டம்மை ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். இருந்தும் பயனில்லை. உருமாறிப்போன வைரஸ் வெளியே வராமல் ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குள் நேராகத் தாவுகிறது, ஆன்டிபாடி கண்ணில் படுவதே இல்லை. இரண்டு வயதுக்கு முன் அம்மை கண்டவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆறு வயதில் கண்ட உங்கள் வீட்டுப் பையனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விதமும் உண்டு. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு, தடிப்பு வந்த சில நாட்களில், உடம்பு தன் மூளையையே தாக்குகிறது. நரம்பின் மேலுறையான மயலினைத் தனக்கு அந்நியம் என்று எடுத்துக்கொள்கிறது. இதில் குன்னூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கே பல காலம் தயாரான பழைய வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆட்டு மூளையில் எடுத்தது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துவார்களே, அதேதான். ஆட்டின் மயலினும் சேர்ந்து உள்ளே போனதால், அபூர்வமாகச் சிலருக்கு இதே மாதிரி வாதம் வந்தது. அந்த ஊசியை நாடே கைவிட்டாயிற்று. இப்போது செல் வளர்ப்பில் எடுப்பதைக் கையில் போடுகிறார்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் பொறுக்காதீர்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி ஊசியின் பலத்தைக் குறைக்கும் என்றுதான் 9 மாதம் வரை காத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் பரவல் இருந்தால் 6 மாதத்திலேயே கூடுதல் தவணை கொடுப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை விடாத வழக்கம் நல்ல வழக்கம்தான், ஆனால் தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை எப்போதும் லேட்.

எஸ்டேட்டில் ஊசி போடும் நாளில் நர்ஸம்மா செய்வதை ஒருமுறை கவனியுங்கள். பழுப்புக் குப்பியில் காய்ந்த துணுக்காக இருக்கும் மருந்தில் கரைசலைக் கலந்து, திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுவார். நாலு மணி நேரம்தான், அப்புறம் மீதியைக் கொட்டியாக வேண்டும். கொழுந்து எடை போட்டுவிட்டுச் சாயங்காலம் வரலாம் என்று இருந்துவிட்டால் தவறிப்போகும். உங்கள் நாத்தனாரிடம் பையனின் கார்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயது டிபிடி ஊசி விட்டுப்போயிருந்தால் அதை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்கட்டும். கார்டு தொலைந்திருந்தால் நர்ஸம்மாவின் பதிவேட்டில் இருக்கும்.