உரைகல்லும் படப்புத்தகமும்: கைக்குழந்தை வளர்ப்புக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அண்மையில் பெற்றோரானவர்கள், இயற்கை முறையில் குழந்தை வளர்ப்பது பற்றியும் கைக்குழந்தைக்குக் கதை படித்துக் காட்டுவது பற்றியும் அனுப்பிய கேள்விகள் இவை. கடலூர் மாவட்டக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பேரன் வளர்கிறான். பழைய வழக்கம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அது மேலுக்குப் பூசுவதா, உள்ளே போவதா?

கேள்வி: குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. சரக்குகளைக் கல்லில் உரைத்து நாக்கில் வைக்கும் உரை மருந்தைத் தினமும் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் வயிற்று உப்புசம் போகுமாம், பேச்சும் திருத்தமாக வருமாம். கொடுக்கலாமா அம்மா? (நெல்லிக்குப்பம்)

பதில்: வேண்டாம் மகளே. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு கடைக்குப் போனால் பெயரைக்கூடச் சொல்லாமல் "பேர் சொல்லாதது கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறவர்கள் நாம். அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் சோதனை விலங்குகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஜாதிக்காயும் ஆபத்துதான். அளவு சற்று மீறினால் குழந்தை மயங்கிக் கிடக்கும். நன்றாகத் தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டு உரைகல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முந்திய நாள் உரைத்த கடுக்காயும் மாசிக்காயும் அதன் கீறல்களில் பழுப்பாகப் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி உரைத்து, விரலால் வழித்து நாக்கில் வைக்கிறோம். வயிற்றுப்போக்குக்குக் காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அக்னி நட்சத்திர வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. தடுப்பூசியும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தும் மட்டும் விலக்கு. தேன் ஒரு வயது முடியும் வரை வேண்டவே வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். உப்புசத்துக்குப் பால் கொடுத்தவுடன் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை முதுகைத் தடவிக் கொடுங்கள்.

மாமியாரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் நோகும். வேறு பொறுப்பைக் கொடுங்கள். எண்ணெய் தேய்க்க அவரை விடச் சிறந்த கை உங்கள் வீட்டில் இருக்காது.

கேள்வி: எந்த எண்ணெய்? எப்படிக் குளிப்பாட்டுவது? குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிறார், மார்பைப் பிதுக்குகிறார். (முத்தியால்பேட்டை)

பதில்: தேங்காய் எண்ணெய் போதும். கடுகெண்ணெய் பிஞ்சுத் தோலுக்கு எரிச்சல் தரும். உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, காலிலிருந்து மேலே மெல்லத் தடவுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், காதிலும் விடக் கூடாது. பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால். தானாக வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கை நீவி நிமிர்த்துவதும் தலையைப் பிடித்து உருட்டுவதும் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடம் மடிப்புகள். கழுத்து மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள், வழிந்த பால் உள்ளே திரிந்து வெள்ளைக் கோடாக நிற்கும், புளித்த வாடை வரும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரமில்லாமல் துடையுங்கள். பயத்தமாவு குளியல் சில மாதம் பொறுக்கட்டும். நைசான மாவு மூச்சில் ஏறும். பவுடரும் அதே காரணத்தால் வேண்டாம். தொப்புள் கொடி விழும் வரை அதில் மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ எதுவும் வைக்காமல் உலர விடுங்கள்.

கேள்வி: சாம்பிராணிப் புகை? கண் மை? (பாகூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தலையைத் துண்டால் துவட்டினாலே உலர்ந்துவிடும். கடை மைகளில் ஈயம் கலந்திருப்பது உண்டு, வீட்டு மையை வைக்கும் விரலால் கண்ணில் தொற்று வரும். திருஷ்டிப் பொட்டு வைக்க ஆசையிருந்தால் உள்ளங்காலில் வையுங்கள், ஆனால் காலை வாயில் வைக்கும் வயது வருமுன் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: டயப்பர் வேண்டாம், துணிதான் என்று உறுதியாக இருந்தோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து எதுவும் காய்வதில்லை. தொடையிடுக்கில் சிவந்துவிட்டது. (தேவனாம்பட்டினம்)

பதில்: கடலோரத்தில் இது பெரிய பாடுதான். கடல் காற்றில் துணி காய்ந்த மாதிரி தெரியும், தொட்டால் பிசுபிசுப்பு. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டினால் பூஞ்சைத் தொற்று வரும். சோப்பு போக நன்றாக அலசி, மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடுங்கள். நைந்த பருத்தி வேட்டி சீக்கிரம் காயும், தடித்த துணி காயாது. மழை விடாத நாட்களில் இரவுக்கு மட்டும் டயப்பர் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை. குழந்தையின் தோல்தான் முக்கியம், நம் கொள்கை அதற்குப் பிறகுதான். தினமும் சிறிது நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விடுங்கள். சிவப்புக்குள் சிறு சிறு கொப்புளம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பால் ஊற வேண்டும் என்று வாரம் முழுக்கப் பால் சுறாப் புட்டு செய்து தருகிறார் அம்மா. நல்லதா? (கடலூர் முதுநகர்)

பதில்: ருசிக்கு எப்போதாவது சாப்பிடுங்கள். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன், பாதரசம் அதன் உடம்பில் சேரும், பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். நெத்திலியும் மத்தியும் போதும், விலையும் குறைவு. பாலை ஊற வைப்பது குழந்தை சப்புவதுதான். ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். குறைமாதக் குழந்தைக்குத் தாயிடம் பால் சுரக்காத நிலையில், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பால் குடிக்க மறுத்து அழுகிறான். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். (பண்ருட்டி)

பதில்: போகாதீர்கள். தொண்டைக்குள் விரலை விட்டோ குழாய் வைத்து ஊதியோ எடுப்பதில் தொண்டை கிழியும், மூச்சு அடைக்கும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை பால் குடிக்கவில்லை என்றாலும், உடம்பு 38 டிகிரி செல்சியஸ் சுட்டாலும் அன்றே மருத்துவமனை.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தைக்குக் கதை படிக்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். அதற்கு என்ன புரியும்? (லாஸ்பேட்டை)

பதில்: சிரிக்கட்டும், நீங்கள் படியுங்கள். வயிற்றில் இருந்தபோதே உங்கள் குரலைக் கேட்டுப் பழகிய பிள்ளை அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், பிறந்தது முதலே படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நம் பாட்டிகள் தாலாட்டில் மாமன் வாங்கி வந்த சீரையெல்லாம் வரிசையாக அடுக்கினார்களே, அதுவும் இதே வேலைதான்.

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் உங்கள் முகத்துக்கும் உள்ள தூரம் அது. புத்தகத்தையும் அங்கேயே பிடியுங்கள். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் பெரிய வட்டம், கோடு, ஒரு மீன் வரைந்து காட்டுங்கள். உதைத்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நிற்கும். புருவம் லேசாக ஏறும். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்கிறது, மூடிவிடுங்கள்.

கேள்வி: ஏழு மாதம். புத்தகத்தைக் கொடுத்தால் தின்கிறாள். (மஞ்சக்குப்பம்)

பதில்: அந்த வயதில் வாயால்தான் படிப்பார்கள். தடித்த அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள். பழைய பருத்திப் புடவையைச் சதுரமாக வெட்டி, காகம், பசு, தோணி என்று சாயம் போகாத துணியை ஒட்டுத் தைத்து, நடுவில் சேர்த்துத் தைத்தால் துவைத்துக் காயப்போடக்கூடிய புத்தகம் ஆகிவிடும். பொத்தான், மணி வைக்காதீர்கள், விழுங்கிவிடும். பிறகு பதிப்பகப் புத்தகங்கள்: துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டிலும் தமிழில் நல்ல படக்கதைகள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: கைப்பேசியில் பாட்டு போட்டால்தான் கூழ் உள்ளே போகிறது. (அரியாங்குப்பம்)

பதில்: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. கேழ்வரகுக் கூழை நீங்களே பாடிக்கொண்டு கொடுங்கள். இரண்டு வாய் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: கணவரின் அம்மா பிரெஞ்சு பேசுவார், நாங்கள் தமிழ். குழந்தை குழம்பிவிடுமா? (புதுச்சேரி)

பதில்: குழம்பாது. அவர் பிரெஞ்சில் படிக்கட்டும், நீங்கள் தமிழில் படியுங்கள். ஒரே பேச்சில் இரண்டையும் கலந்து பேசத் தொடங்கினால் அதுவும் இயல்புதான், பிறகு பிரித்துக்கொள்ளும். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, நடக்கும் வயது வந்ததும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வரும்போது மகன் தூங்கிவிடுகிறான். மனைவி சில நாட்களாகக் காரணமில்லாமல் அழுகிறாள். அப்பாவாக நான் என்ன செய்வது? (கடலூர்)

பதில்: தம்பி, முதலில் மனைவி. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிய வேண்டும். அதைத் தாண்டியும் நீடித்தால், தூக்கமும் பசியும் போனால், அது நோய். "பிள்ளை பெற்றவள் அழக்கூடாது" என்று அடக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். தன்னையோ குழந்தையையோ பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒரு பால் வேளைக்கும் அடுத்ததற்கும் இடையில் குழந்தையை முழுதாக நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், மனைவி தூங்கட்டும். குளித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி, குழந்தையை வெறும் மார்பில் படுக்க வைத்து மேலே ஒரு துணி போர்த்துங்கள். கங்காரு முறை என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். தந்தையும் செய்யலாம். அப்படியே செய்தித்தாளைப் படியுங்கள், உரக்க. கிரிக்கெட் செய்தியாக இருந்தாலும் சரி. அப்போது நீங்கள் மட்டும் தூங்கிவிடக் கூடாது. கண் சொக்கினால் குழந்தையைத் தனியாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பிறகு படுங்கள்.