முதலில் கன்னத்தைப் பாருங்கள்: சிட்டுகளை இனம்காணக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆண் சிட்டுக்குருவியும் மரச்சிட்டும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு நொடிதான் உட்காருகிறது, அதற்குள் எதைப் பார்ப்பது?

பதில்: கன்னத்தை. வெள்ளைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் மரச்சிட்டு, முடிந்தது. இன்னொரு நொடி கிடைத்தால் உச்சந்தலை. மரச்சிட்டுக்கு உச்சி முழுக்கச் செம்பழுப்பு. சிட்டுக்குருவி ஆணுக்கு நடு உச்சி சாம்பல். செம்பழுப்பு கண்ணுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை ஓரமாகத்தான் ஓடும். நடுவில் வழுக்கை விழுந்த மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. சிங்கப்பூர், மலேசிய நகரங்களில் மேசைக்கடியில் துணுக்குப் பொறுக்குவது பெரும்பாலும் மரச்சிட்டுதான். நம்மூர்க் குருவி என்று நினைத்தே பலர் கடந்துபோகிறார்கள்.

கேள்வி: மரச்சிட்டில் ஆண், பெண்?

பதில்: பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே உடுப்பு. கூட்டத்தில் எல்லாமே கறுப்புத் தொண்டையாக இருக்கிறதே, ஒரு பெண்கூட இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதுவே துப்பு.

கேள்வி: பெண் சிட்டுக்குருவி என்று குறித்துக்கொண்டேன். கூட வந்தவர் அது பெண் தூக்கணாங்குருவி என்றார். எப்படிச் சொன்னார்?

பதில்: நானும் இதில் இரண்டு வருடம் ஏமாந்திருக்கிறேன். முதுகில் இரண்டுக்கும் கறுப்புக் கோடுகள் உண்டு, ஆகவே முதுகை விடுங்கள். தூக்கணாங்குருவியின் அலகு கூம்பாக, தடித்து, நெற்றியோடு ஒட்டினாற்போல் இருக்கும், வால் குட்டை. அதன் வெளிர்புருவம் அலகடியிலிருந்தே அகலமாகக் கிளம்பும். பெண் சிட்டுக்குருவிக்குக் கண்ணுக்குப் பின்னால்தான் அது எடுப்பாகத் தெரியும். இறக்கையில் வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தால் சிட்டுக்குருவி பக்கம் சாயலாம். மார்பு தூக்கணாங்குருவிக்குச் சற்று மஞ்சளோடிய பழுப்பு, சிட்டுக்குருவிக்கு அழுக்குச் சாம்பல். ஆனால் நிறத்தைக் கடைசியாக எடுங்கள். மாலை வெயிலில் எல்லாமே மஞ்சள்தான். இனப்பெருக்க காலம் முடிந்ததும் ஆண் தூக்கணாங்குருவியும் மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெண்போலவே திரியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மஞ்சள் தொண்டைச் சிட்டில் மஞ்சளே தெரியவில்லையே?

பதில்: பெயர் வைத்தவர்கள் பறவையைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள். மஞ்சள் ஒரு சின்னத் திட்டுதான்; பெண்ணுக்கு அதுவும் மங்கல். நீங்கள் முதுகைப் பாருங்கள். கோடே கிடையாது, வெறும் சாம்பல் பழுப்பு. அலகும் மற்றச் சிட்டுகளைவிட மெலிந்தது. இறக்கையில் வெள்ளைப் பட்டை, ஆணுக்குத் தோளில் செம்பழுப்பு. மரப்பொந்தில்தான் பெரும்பாலும் கூடு வைக்கும். பின்னாளில் பெரும் பறவையியலாளரான சாலிம் அலி சிறுவனாக ஏர்கன்னால் சுட்டுவிட்டு, இது என்ன குருவி என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப்போனது இதைத்தான். அவருக்கும் அப்போது அடையாளம் தெரியவில்லை, கவலைப்படாதீர்கள்.

கேள்வி: புது இறகு முளைத்தபின் ஆண் சிட்டுக்குருவியின் கறுப்புத் தொண்டை மங்கிவிடுகிறது. நோயா?

பதில்: இல்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை இறகை மாற்றிக்கொள்கிறது. புது இறகின் நுனி வெளிறியிருக்கும். அடியில் கறுப்பு அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து நுனி உதிர்ந்ததும் கறுப்பு வெளியே வரும். அதாவது மாப்பிள்ளைக் கோலத்துக்குப் புதுத்துணி எடுப்பதில்லை, பழையதைத் தேய்த்தே பளபளப்பாக்குகிறது. அலகும் அப்போது கறுப்பாகும். மற்றக் காலத்தில் வெளிர்பழுப்பு.

கேள்வி: வட அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே ‘ஸ்பாரோ’ என்று இருபது வகை சொல்கிறார்கள். சாங் ஸ்பாரோவையும் சவன்னா ஸ்பாரோவையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: அவை பெயரில்தான் சிட்டு, குடும்பமே வேறு. இரண்டுக்கும் மார்பில் கோடு உண்டு. சாங் ஸ்பாரோவுக்கு அவை தடிப்பாக வந்து நடு மார்பில் ஒரு புள்ளியில் கூடும். வால் நீண்டு உருண்டிருக்கும், பறக்கும்போது மேலும் கீழும் ஆடும். சவன்னாவுக்குக் கோடு மெல்லியது, வால் குட்டை, கண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் மஞ்சள் சாயல். மார்புப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், சவன்னாவுக்கும் சிலசமயம் வரும். நான் வாலைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: பெண் ஸ்பானியச் சிட்டையும் பெண் சிட்டுக்குருவியையும்?

பதில்: ஆண் ஸ்பானியச் சிட்டு என்றால் சொல்லிவிடலாம்: உச்சி செம்பழுப்பு, கன்னம் வெள்ளை, விலாவில் கரியால் கிறுக்கியதுபோல் கோடுகள். பெண்ணென்றால் பக்கத்தில் ஆண் வரும்வரை காத்திருப்பேன். இரண்டு இனமும் கலந்தே இத்தாலியச் சிட்டு உருவானது. அவையே அவ்வளவு நெருக்கம். ஆண் வராவிட்டால் குறிப்பேட்டில் ‘பெண் சிட்டு, இனம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுக் கிளம்புவேன்.