மரச்சட்டகப் பண்ணைவீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: தென்கிழக்கு இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடுகளில் நடுக்கூடத்துக்கு மட்டும் மாடி இல்லாதது ஏன்?

பதில்: புகைபோக்கி இல்லாததால். கூடத்தின் தரையில் நெருப்பு எரிந்தது. புகை மேலெழுந்து கூரை இடுக்குகளின் வழியே வெளியேற வேண்டியிருந்ததால், கூடத்தைக் கூரைவரை திறந்தே விட்டார்கள். கென்டின் சிடிங்ஸ்டோனில் இருந்த பேலீஃப் வீடு இதற்கு நல்ல சான்று. நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்து, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். மர வளையங்களைக் கொண்டு கணித்ததில், கூடப்பகுதி 1405க்கும் 1430க்கும் இடைப்பட்டது என்றும், உடையவரின் மாடியறை உள்ள முனை 1505–1510 அளவில் சேர்க்கப்பட்டது என்றும் தெரிந்தது. இரு முனைகளிலும் மாடி முன்தள்ளி நிற்க, கூடம் பின்வாங்கி நிற்க, மூன்றையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்தின் முன்னால் இறவாரம் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும். வளைந்த முட்டுமரங்களே அதைத் தாங்குகின்றன.

பிற்காலத்தில் இத்தகைய கூடங்களில் புகைபோக்கி கட்டி மாடித்தளம் செருகிவிட்டார்கள். ஆனால் விளக்கோடு பரணில் ஏறினால், நடுவிலுள்ள கைமரங்கள் கரியேறிக் கறுத்தும் முனைகளில் உள்ளவை வெளுத்தும் இருப்பதைக் காணலாம். பழைய கூடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அந்தக் கரியே சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு மரங்களில் ரோம எண்கள் வெட்டப்பட்டுள்ளன. கட்டிய ஆண்டா?

பதில்: இல்லை, தச்சரின் குறிகள். சட்டகத்தை முதலில் பட்டறைத் தரையில் படுக்க வைத்து இணைத்துப் பார்த்து, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். மரத்தின் முனையில் செதுக்கிய ஒவ்வொரு நாக்கும் அடுத்த மரத்தில் அதற்கென வெட்டிய துளையில்தான் சரியாக உட்காரும் என்பதால், இரண்டிலும் ஒரே எண்ணை இடுவார்கள். நான்கை IIII என்று நான்கு கோடுகளாகவே வெட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இணைப்பை இறுக்கியது இரும்பு ஆணி அல்ல, ஓக் மரத்தில் செதுக்கிய முளை. முளைக்காக நாக்கில் இடும் துளையைச் சற்றே விலக்கித் துளைத்திருப்பதால், முளையை அடிக்க அடிக்க இரு மரங்களும் நெருங்கும்.

கேள்வி: எங்கள் சட்டக மரம் அடியில் உளுத்துவிட்டது. சுவருக்கு சிமென்ட் பூசியது தவறா?

பதில்: பெருந்தவறு. மிளார்ப் பின்னலில் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் அப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால், விரிசலில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்திலேயே தங்கி உளுக்கச் செய்யும். சிமென்ட்டை நிதானமாக அகற்றிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு உத்தரங்கள் பழைய கப்பலிலிருந்து எடுத்தவை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடலுக்கு எட்டாத ஊரில் கப்பல் மரத்தை மாட்டுவண்டியில் இழுத்து வருவதைவிடப் பக்கத்துத் தோப்பில் ஓக் வெட்டுவது எளிது.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் வளைந்த மரங்களும் எதுவும் பொருந்தாத வெற்றுத் துளைகளும் எப்படி வந்தன?

பதில்: இந்த வாதத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது! முட்டுமரத்துக்கு இயல்பாகவே வளைந்த கிளையைத் தச்சர் தேடி எடுத்தார், வளைவில் வலிமை இருப்பதால். வெற்றுத் துளை என்றால், எடுக்கப்பட்ட தடுப்புச்சுவர் அங்கே இருந்திருக்கும். அல்லது மரம் இடித்த வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். உண்மையான கப்பல் மரக் கட்டடங்களும் உண்டு, மறுக்கவில்லை: ஹாம்ப்ஷயரின் விக்கமில் உள்ள செசபீக் ஆலை 1820இல் அதே பெயருள்ள போர்க்கப்பலின் மரங்களால் கட்டப்பட்டது, லண்டனின் லிபர்ட்டி கடைக்கட்டடத்திலும் 1920களில் இரு போர்க்கப்பல்களின் மரங்கள் பயன்பட்டன. அவற்றுக்குப் பதிவு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இருப்பது பாட்டி சொன்ன கதை.

கேள்வி: மரங்களுக்குக் கறுப்பும் சுவருக்கு வெள்ளையும் பூசலாமா?

பதில்: அந்தக் கறுப்பு வெள்ளை மோகம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் வழக்கம். ஓக் தானாகச் சாம்பல் நிறமாகட்டும். ஈரம் புகாத நவீன வண்ணத்தைப் பூசாதீர்கள். சிமென்ட் பற்றிச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: குறுக்கே நிற்கும் முட்டுமரம் ஒன்றை எடுத்துவிடலாமா?

பதில்: பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடமானால், முன் அனுமதியின்றி எடுப்பது குற்றம். உள்ளாட்சி மன்றத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி: உத்தரத்தில் நீளவாக்கில் வெடிப்பு. சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

பதில்: பச்சையாக வெட்டிய ஓக் உலரும்போது வெடிப்பது இயல்பு. விட்டுவிடுங்கள். சிமென்ட் மூட்டையை மட்டும் தயவுசெய்து கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.