தூரம் கூடினால் நேரம் குறையுமா?

கேள்வி: மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். பெங்களூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? மதியம் 2 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 6 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. நாலு மணி நேரம்தானா?
– வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: நாலு மணி நேரத்தில் நம் ஊர் போக்குவரத்து நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டினாலே பெரிய விஷயம், அம்மா! டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் அவர்கள் கடிகாரம் நமக்கு 12½ மணி நேரம் பின்னால். ஆக, நீங்கள் உட்காரப்போவது 16½ மணி நேரம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13½.

தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தின் பக்கமாகப் போகும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தச் சேவையைத் தொடங்கியபோது, பெண் விமானிகளே அங்கிருந்து துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள்.

ஆனால் குறுக்கு வழிதான் சீக்கிரம் என்றில்லை. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் 2016-இல் கிழக்கு நோக்கிப் போகும் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியும் நேரம் குறைந்தது. காரணம், பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று. பின்னாலிருந்து தள்ளினால் லாபம், எதிரே வந்தால் எரிபொருள் செலவு.

முழங்கால் வலி இருந்தால் நடைபாதை ஓர இருக்கையை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஜன்னல் ஆசை வேண்டாம்.