சமாரியா மலையிடுக்கை ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா?

சுவிஸில் இருக்கும் அண்ணன் குடும்பத்துடன் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகும்போது சமாரியா மலையிடுக்கை ஒரே நாளில் நடந்து முடிக்கலாமா, அறுபது வயதைக் கடந்த அம்மாவையும் கூட்டிச் செல்லலாமா என்று கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த நான் அக்காவுடனும் அத்தானுடனும் அந்த வழியை நடந்திருக்கிறேன். ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் மாலைப் படகின் நேரத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

நடை ஓமலோஸ் மேட்டுநிலத்தின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே தொடங்கி, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் இறங்கி, லிபியக் கடலோரத்திலுள்ள ஆயியா ரூமெலி என்ற சிற்றூரில் முடிகிறது. அந்த ஊருக்கு வாகனப் பாதை கிடையாது. படகில் சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாகியோனுக்கோ போய், அங்கிருந்து பஸ்ஸில்தான் ஹனியா நகருக்குத் திரும்ப முடியும். நடப்பதற்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஹனியாவிலிருந்து அதிகாலை பஸ்ஸில் புறப்பட்டு எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

மலையிடுக்கு அமைந்திருக்கும் தேசியப் பூங்கா பொதுவாக மே முதல் ஒக்டோபர் வரை திறந்திருக்கும். மழை பெய்தாலும் கடும் வெப்பம் இருந்தாலும் அன்றைக்கு மூடிவிடுவார்கள். ஆகவே முதல் நாள் மாலையே விசாரியுங்கள். யூலை, ஓகஸ்டில் பாறைச் சுவர்கள் வெயிலை வாங்கி நம் மேலேயே திருப்பி விடும் என்பதால், கச்சான் காற்றுக்குப் பழகிய நமக்குக்கூட அது கடினமாக இருக்கும். மே மாதம் அல்லது செப்டெம்பரின் பிற்பகுதி நல்லது.

இனி முழங்கால் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலை என்றதும் ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இங்கே வருத்துவது இறக்கம். முதல் நான்கு கிலோமீற்றருக்குள்ளேயே மொத்த உயரத்தில் பாதியளவு இறங்கிவிடுகிறோம். அதன் பிறகு ஆற்றுப் படுகையின் உருண்டைக் கற்கள். ஒவ்வோர் அடிக்கும் கால் சற்றே பிரளும். வாவியும் வயலுமாகச் சமதரையில் வளர்ந்த கால்களுக்கு இது புதிது. நான் புறப்படுவதற்கு முன்னர் இரண்டு மாதங்கள் மாடிப்படிகளில் இறங்கிப் பழகினேன். கிரானுக்கு மேற்கேயுள்ள குடும்பிமலைக்கும் ஒருமுறை கூட்டமாகப் போய் வந்தோம். 534 மீற்றர்தான் என்றாலும், அங்கே இறங்கியபோதுதான் சப்பாத்தின் முனையில் பெருவிரல் இடிப்பதைக் கண்டு, ஓர் அளவு பெரிய சப்பாத்து வாங்கினேன். நகங்களையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

அத்தானின் சப்பாத்து மூன்று வருடம் அலுமாரியில் கிடந்தது. வெளியே புதிதாகத் தெரிந்தாலும், ஈரக்காற்றில் அடிப்பகுதி உள்ளூர உக்கிப்போயிருந்தது. இரண்டாம் கிலோமீற்றரில் குதிப்பக்கம் வாய் பிளந்தது. அக்கா துவாயைக் கீற்றாகக் கிழித்துப் பாதத்தைச் சுற்றி மூன்று கட்டுக் கட்டினார். கல்லில் தேய்ந்து அறுந்ததும் மறுபடி கட்டினார். நாங்கள் படகைப் பிடித்தது காலையில் முன்கூட்டியே புறப்பட்டதால்தான். பழைய சப்பாத்தானால் ஒரு வாரம் போட்டு நடந்து பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள்.

வழிநெடுக ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும், ஒரு போத்தல் போதும். சாப்பாட்டுக் கடை கிடையாது. எங்களுக்கு வீட்டு எள்ளுருண்டையும் பாணும் கைகொடுத்தன. நுழைவுச் சீட்டை வெளியேறும்போது திரும்பப் பார்ப்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள். பாதி வழியில், 1962இல் பூங்காவுக்காக மக்கள் வெளியேறிய சமாரியா என்ற பழைய கிராமம் இருக்கிறது. இளைப்பாற அதுவே நல்ல இடம். இடையில் வெளியேற வேறு பாதை இல்லை. நடக்க முடியாமல் போனவர்களைக் காவலர்கள் கோவேறு கழுதையில்தான் கொண்டுபோகிறார்கள்.

ஆகவே அம்மாவை மேலிருந்து இறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவரும் அண்ணியும் படகில் நேரே ஆயியா ரூமெலிக்கு வந்து, கீழ் வாசலால் உள்ளே ஏறி, சுவர்கள் நான்கு மீற்றர் அளவுக்கு நெருங்கி வரும் ‘இரும்புக் கதவுகள்’ வரை காலையிலேயே நடந்து திரும்பலாம். ஏற்றம் மிதமானது, இயலாவிட்டால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். மலையிடுக்கின் மிக அழகான பகுதியும் அதுதான்.

மேலிருந்து வரும் நீங்கள் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் படகுச் சீட்டை வாங்குங்கள். சாப்பாடும் கடல் குளிப்பும் அதற்குப் பிறகு.